சாவேஸும் அந்த இரண்டு விநாடிகளும்

உங்கள் கேள்வி இது: மெக்சிகோவின் குத்துச்சண்டை வீரர் ஹூலியோ சேசர் சாவேஸை ஏன் இன்றும் இவ்வளவு தூக்கி வைத்துப் பேசுகிறார்கள்? 1990இல் மெல்ட்ரிக் டெய்லரிடம் தோற்றுக்கொண்டிருந்தவரை, 2 விநாடிகள் மிச்சம் இருக்கும்போது நடுவர் சண்டையை நிறுத்திக் காப்பாற்றிவிட்டாரே, அதை எப்படி வெற்றி என்று சொல்வது?

அந்தச் சண்டையை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. முதல் சில முறை எனக்கும் உங்களைப் போலவே கோபம்தான் வந்தது. இப்போது அந்தக் கோபம் இல்லை. காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் நேராகக் கடைசிச் சுற்றான பன்னிரண்டாவதுக்குப் போய்ப் பயனில்லை. சாவேஸ் எங்கிருந்து வந்தார், எப்படிச் சண்டை போட்டார் என்பதிலிருந்து வர வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1962 ஜூலை 12 அன்று, மெக்சிகோவின் வடமேற்கில் சொனோரா மாநிலத்தின் சியுதாத் ஒப்ரெகோன் நகரில் பிறந்தவர். வளர்ந்தது பக்கத்து மாநிலமான சினலோவாவின் தலைநகர் குலியாகானில். அப்பா ரொடோல்ஃபோ ரயில்வே தொழிலாளி. வீட்டில் பத்துப் பிள்ளைகள். குடியிருந்தது வீடுகூட இல்லை, கழற்றிவிட்ட ஒரு பழைய ரயில் பெட்டி. அம்மா இசபெல் ஊரார் துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். ஒருநாள் உனக்குச் சொந்த வீடு வாங்கித் தருவேன், அப்புறம் நீ இந்த வேலைக்குப் போக வேண்டாம் என்று சிறுவயதிலேயே அம்மாவிடம் சொன்னதாகச் சாவேஸ் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சொன்னபடியே செய்தும் காட்டினார்.

அண்ணன்கள் ஏற்கெனவே கையுறை மாட்டியவர்கள். அவர்களுக்குப் பின்னால் ஜிம்முக்குப் போன தம்பி, 1980 பிப்ரவரி 5 அன்று, பதினெட்டு வயதுகூட நிரம்பாத நிலையில், சொந்த ஊரான குலியாகானிலேயே தொழில்முறைப் போட்டியில் இறங்கினார். அன்று தொடங்கிய கணக்கு 25 வருடங்கள் ஓடி, 2005இல்தான் முடிந்தது.

அவருடைய ரசிகர்கள் அதிகம் பேசாத ஒரு விஷயத்தை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். 1981 மார்ச்சில் மிகெல் ரூயிஸ் என்பவருடன் குலியாகானில் மோதினார். முதல் சுற்று முடியும் மணி அடித்த நேரத்தில் சாவேஸின் குத்து விழுந்து ரூயிஸ் சாய்ந்தார். மணிக்குப் பிறகு குத்தியதாகச் சொல்லி சாவேஸைத் தகுதிநீக்கம் செய்தார்கள். மறுநாளே உள்ளூர்க் குத்துச்சண்டை ஆணையம் அந்த முடிவை மாற்றி, சாவேஸ் வென்றதாக அறிவித்தது. அந்த ஆணையத்தில் சாவேஸின் மேலாளர் ராமோன் ஃபெலிக்ஸும் ஓர் உறுப்பினர். ஆக, பிற்பாடு உலகமே வியந்த அந்தத் தோல்வியே இல்லாத கணக்கின் அடியில் ஒரு சந்தேகம் ஆரம்பத்திலிருந்தே கிடக்கிறது. அவரை நேசிப்பவர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை. அவருடைய பெருமை அந்தச் சுழியத்தில் இருப்பதாக நான் நினைக்கவும் இல்லை.

1984 செப்டம்பர் 13. லாஸ் ஏஞ்சலிஸின் ஒலிம்பிக் ஆடிட்டோரியம். காலியாக இருந்த டபிள்யூ.பி.சி. (உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில்) சூப்பர் ஃபெதர்வெயிட் எடைப் பிரிவுப் பட்டத்துக்காக சக மெக்சிகரான மரியோ மார்ட்டினெஸுடன் சண்டை. ஜெயிப்பார் என்று பெரும்பாலோர் எதிர்பார்த்தது மார்ட்டினெஸைத்தான். எட்டாவது சுற்றில் சண்டை முடிந்தபோது பெல்ட் சாவேஸின் இடுப்பில் இருந்தது. வயது 22. அடுத்த மூன்று வருடங்களில் அந்த எடைப் பிரிவில் ஒன்பது முறை பட்டத்தைக் காத்தார். ஃபிளாய்ட் மேவெதரின் சித்தப்பா ரோஜர் மேவெதரை 1985இல் இரண்டாவது சுற்றிலேயே முடித்தது அவற்றில் ஒன்று. 1986இல் மொண்டே கார்லோவில் ராக்கி லாக்ரிட்ஜிடம் மட்டும் மூச்சு வாங்கித்தான் தப்பினார்.

சரி, இவர் அப்படி என்னதான் செய்தார்?

ஆள் பார்க்கப் பெரிய உருவம் கிடையாது. உயரம் ஐந்தடி ஏழரை அங்குலம். ஒரே குத்தில் ஆளைத் தூக்கி எறியும் முரட்டுக் கையும் இல்லை. மின்னல் வேகக் கால்களும் இல்லை. அவரிடம் இருந்தவை மூன்று: இரும்பு போன்ற தாடை, எதிராளியின் வழியை அடைத்து மூலைக்குத் தள்ளும் நடை, இடது கையால் வயிற்றின் பக்கவாட்டில் விழும் அந்தக் குத்து. மெக்சிகோவில் அதற்கு 'கான்ச்சோ அல் ஈகாதோ' என்று பெயர், ஈரலுக்குப் போகும் கொக்கி என்று அர்த்தம். அந்த நாட்டில் எல்லா ஜிம்மிலும் கற்றுக்கொடுக்கும் குத்துதான். ஆனால் சாவேஸ் போட்டதைப் போல வேறு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

ஈரல் இருப்பது வலது விலாவுக்குக் கீழே. எதிராளி தன் வலது முழங்கையால் அதை மூடிக்கொண்டுதான் நிற்பான். அதனால் முதலில் அந்த முழங்கையை எழுப்ப வேண்டும். சாவேஸ் வலது கையைத் தலையை நோக்கி ஒன்று விடுவார். அது பட்டாலும் சரி, படாவிட்டாலும் சரி. எதிராளி கையை நாலு விரற்கடை மேலே தூக்குவான். அதற்குள் சாவேஸ் இடது காலை அரை அடி வெளியே வைத்து, முழங்காலை மடக்கி, உடம்போடு சேர்த்து இடது கையை அந்த இடைவெளியில் செருகிவிடுவார். கை தனியாக வராது, இடுப்பிலிருந்து கிளம்பி வரும்.

கல்லூரிக் காலத்தில் இரண்டு வருடம் நானும் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போனவன். ஒரு மாலை, என்னைவிட மெலிந்த ஒரு பையனுடன் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்தபோது அந்த இடத்தில் ஒன்று வாங்கினேன். முகத்தில் வாங்கினால் அந்தக் கணமே தெரியும். இது அப்படியில்லை. குத்து விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து ஒரு எட்டு முன்னால்கூட வைத்தேன். அதற்கப்புறம்தான் உள்ளே யாரோ கையை விட்டுப் பிழிந்ததுபோல் ஒரு வலி. மூச்சு போனது வரவில்லை. தலை தெளிவாகத்தான் இருக்கிறது, சுற்றி என்ன நடக்கிறது என்று எல்லாம் தெரிகிறது, ஆனால் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதுவும் பயிற்சிக்குப் போடும் பஞ்சு நிறைந்த பெரிய கையுறையில். சாவேஸ் இதைச் சிறிய கையுறையில், ஒரு சுற்றுக்குப் பல முறை, பன்னிரண்டு சுற்று போடுவார். அன்றிலிருந்து அவருடைய சண்டைகளை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

அவர் சண்டைகளில் முதல் நான்கைந்து சுற்றுகள் பல சமயம் சாதாரணமாகத்தான் தெரியும். எதிராளி நிறையக் குத்துவான், புள்ளியும் சேர்ப்பான். சாவேஸ் ஒன்று வாங்கி ஒன்று கொடுத்து, முன்னால் வந்துகொண்டே இருப்பார். ஏழு, எட்டாவது சுற்றில் பார்த்தால் எதிராளியின் கால்கள் கனத்திருக்கும், கை தாழ்ந்திருக்கும். கட்டடத்தின் அடியில் உளி வைத்துத் தட்டிக்கொண்டே இருப்பதைப் போன்ற வேலை. பார்த்துப் பழகியவர்களுக்கே அந்தத் தட்டும் சத்தம் கேட்கும்.

1987 நவம்பரில் எடை கூட்டி லைட்வெயிட்டுக்கு வந்து எட்வின் ரொசாரியோவைச் சந்தித்தார். போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ரொசாரியோ பயங்கரமான குத்துக்காரர். சாவேஸைச் சவப்பெட்டியில் வைத்து மெக்சிகோவுக்கு அனுப்புவேன் என்று சண்டைக்கு முன் பேசியவர். பதினோராவது சுற்றில் நடுவர் நிறுத்தியபோது ரொசாரியோவின் ஒரு கண் மூடிப் போயிருந்தது. சாவேஸின் முழுத் திறமையையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் நான் கைகாட்டுவது இந்தச் சண்டையைத்தான். புகழ் டெய்லர் சண்டைக்குப் போனாலும், கலை இதில்தான் இருக்கிறது. அடுத்த வருடம் நண்பர் ஹோசே லூயிஸ் ராமிரெஸையும் தோற்கடித்து இன்னொரு லைட்வெயிட் பட்டத்தைச் சேர்த்துக்கொண்டார். 1989 மே மாதம் மறுபடி ரோஜர் மேவெதர். பத்தாவது சுற்றோடு மேவெதர் ஸ்டூலைவிட்டு எழவில்லை. மூன்றாவது எடைப் பிரிவிலும் உலகப் பட்டம்.

இப்போது 1990 மார்ச் 17க்கு வருவோம். லாஸ் வேகஸ் ஹில்டன்.

மெல்ட்ரிக் டெய்லர் ஃபிலடெல்ஃபியாக்காரர். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஃபெதர்வெயிட் தங்கம் வாங்கியபோது வயது 17. சாவேஸுடன் மோதும்போது 23. அதுவரை 24 வெற்றி, ஒரு டிரா, தோல்வியே இல்லை. கை வேகத்தில் அன்றைக்கு அவருக்கு இணையானவர்கள் மிகச் சிலர். லைட் வெல்டர்வெயிட்டில் ஒரு பெல்ட் அவரிடம், இன்னொன்று சாவேஸிடம். இரண்டையும் ஒருவர் எடுத்துக்கொண்டு போவதற்கான சண்டை.

முதல் பாதி முழுக்க டெய்லர் காட்டியது அழகு. நாலு, ஐந்து, ஆறு என்று கோர்வையாகக் குத்துகள் வந்து விழும், சாவேஸ் திரும்புவதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார். சாவேஸ் ஒன்றுதான் திருப்பிக் கொடுப்பார். ஆனால் அந்த ஒன்றின் கனம் வேறு. இங்கேதான் டெய்லரின் இளமை அவரைக் காட்டிக்கொடுத்தது என்று நினைக்கிறேன். விலகி நின்று ஆடியிருந்தால் இன்னும் சுலபமாக ஜெயித்திருப்பார். ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்தவரின் ரோஷம், அவ்வப்போது நெருங்கி நின்று மல்லுக்கட்ட வைத்தது. நெருங்கிய ஒவ்வொரு முறையும் அதற்கான விலையைக் கொடுத்தார்.

அந்த விலை புள்ளி அட்டையில் ஏறாது. சுற்றுக்குச் சுற்று டெய்லர் ஜெயித்துக்கொண்டே போகிறார், அவர் முகம் மட்டும் தோற்றவன் முகமாக மாறிக்கொண்டே போகிறது. கண்ணைச் சுற்றி வீக்கம். வாய்க்குள் வெட்டுப்பட்டு ரத்தம். அதை அவர் விழுங்கிக்கொண்டே ஆடினார். கண்குழி எலும்பு உடைந்திருந்தது பிறகு தெரிந்தது. புள்ளிகளின்படி தோற்றுக்கொண்டிருந்த சாவேஸ் பார்ப்பதற்கு அவ்வளவு சேதப்படவில்லை.

பன்னிரண்டாவது சுற்றுக்கு முன் இரண்டு புள்ளி நடுவர்களின் அட்டையில் டெய்லர் 108-101, 107-102 என்று முன்னிலை. மூன்றாமவர் மட்டும் 105-104 என்று சாவேஸுக்குக் கொடுத்திருந்தார். அதாவது டெய்லர் கடைசி மூன்று நிமிடத்தை ரிங்கைச் சுற்றி ஓடிக் கழித்திருந்தாலே போதும். ஒரு முறை விழுந்து எழுந்திருந்தால்கூட ஜெயித்திருப்பார். ஆனால் அட்டையில் என்ன இருக்கிறது என்பது மூலையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவருடைய பயிற்சிக் குழுவின் தலைவர் லூ டூவா, இந்தச் சுற்று உனக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். டெய்லரும் சண்டை போடப் போனார்.

அந்தச் சுற்றில் ஒரு கட்டத்தில் டெய்லர் வீசிய குத்து தவறி, தன் வேகத்தில் தானே தடுமாறிக் கீழே விழுகிறார். அடி வாங்கி விழவில்லை, கால்கள் தாங்கவில்லை. என்னைப் பொறுத்தவரை சண்டை முடிந்துவிட்டது என்று தெரிகிற இடம் அதுதான். அப்புறம் கடைசி அரை நிமிடத்துக்குள் சாவேஸின் வலது கை ஒன்று சரியாக இறங்குகிறது. டெய்லர் ஆடிப் போய் மூலைப் பக்கம் ஒதுங்குகிறார். இன்னொரு வலது. விழுகிறார். கடிகாரத்தில் மிச்சம் இருப்பது சுமார் 17 விநாடிகள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் எட்டு வரை எண்ணி முடித்து, நீ நன்றாக இருக்கிறாயா என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். பதில் இல்லை. மறுபடி கேட்கிறார். அந்த நேரம் பார்த்து லூ டூவா மேடை விளிம்பில் ஏறிக் கத்துகிறார், டெய்லரின் முகம் அவர் பக்கம் திரும்புகிறது. ஸ்டீல் இரண்டு கைகளையும் ஆட்டிவிடுகிறார். நேரம் 2 நிமிடம் 58 விநாடி. மூலைக் கம்பத்தில், பத்து விநாடிக்குள் இருக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு விநாடி என்பது சாவேஸ் எதிர் மூலையிலிருந்து நடந்து வரக்கூடப் போதாத நேரம். நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். விட்டிருந்தால் மணி அடித்திருக்கும், டெய்லர் ஜெயித்திருப்பார், இன்னொரு குத்தும் வாங்கியிருக்க மாட்டார். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனாலும் ஸ்டீல் செய்தது சரி என்றே சொல்வேன். நடுவர் கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, ஆளைப் பார்த்து எடுக்க வேண்டும். அதையேதான் அவரும் அன்றிரவு சொன்னார்: எவ்வளவு நேரம் மிச்சம் என்பது தன் கவலை இல்லை, எதிரில் நிற்பவன் மேற்கொண்டு சண்டை போடும் நிலையில் இருக்கிறானா என்பதே கேள்வி. ஆறாவது சுற்றின் நடுவில், இதே டெய்லர், இதே முகத்துடன், இரண்டு முறை கேட்டும் பதில் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்தபடி நின்றிருந்தால் நிறுத்தியதை யாராவது தவறென்று சொல்வோமா? மாட்டோம். அப்படியானால் கடைசி விநாடியில் மட்டும் விதி ஏன் மாற வேண்டும்? நிறுத்தாவிட்டால் ஸ்டீல் செய்தது கணக்குப் பார்க்கும் வேலையாக இருந்திருக்கும். அந்த வேலைக்கு ரிங்குக்கு வெளியே மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சாவேஸுக்கு அந்த வெற்றியைக் கொடுத்தது ஸ்டீல் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டெய்லரால் பதில் சொல்ல முடியாத நிலையை உண்டாக்கியது யார்? பதினொரு சுற்று தட்டிய உளி. பன்னிரண்டாவதில் கட்டடம் சரிந்தது. நடுவர் அதைப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான்.

டெய்லரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு அவர் சும்மா உட்காரவில்லை. 1991 ஜனவரியில் ஆரன் டேவிஸை வென்று வெல்டர்வெயிட்டிலும் உலகப் பட்டம் வாங்கினார். ஆனால் பழைய டெய்லர் திரும்பி வரவே இல்லை. 1994இல் சாவேஸுடன் மறுபடி மோதி எட்டாவது சுற்றில் தோற்றார். பிற்காலப் பேட்டிகளில் அவருடைய பேச்சு குழறுவதைக் கேட்டவர்களுக்கு, அந்தச் சண்டையை இனிமேல் வெறும் விளையாட்டாகப் பார்க்க முடியாது. 'தி ரிங்' பத்திரிகை அதை அந்த ஆண்டின் சிறந்த சண்டையாகவும், பிறகு அந்தப் பத்தாண்டின் சிறந்த சண்டையாகவும் தேர்ந்தெடுத்தது. அதற்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

டெய்லருக்குப் பிறகு சாவேஸ் மெக்சிகோவில் வெறும் சாம்பியனாக இல்லை, அந்த நாட்டின் செல்லப் பிள்ளை ஆகிவிட்டார். 1992 செப்டம்பரில் எக்டர் கமாச்சோவைப் பன்னிரண்டு சுற்றும் விடாமல் துரத்தி அடித்தார். அடுத்தது 1993 பிப்ரவரி 20. மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானம், கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டிகள் நடந்த அதே இடம். எதிராளி அமெரிக்காவின் கிரெக் ஹாகன். சாவேஸ் ஜெயித்ததெல்லாம் என் அம்மாவே வீழ்த்தக்கூடிய திஹுவானா டாக்ஸி டிரைவர்களை என்றும், டிக்கெட் வாங்க வசதியுள்ள மெக்சிகர்கள் அத்தனை பேர் கிடையாது என்றும் பேசியவர். அன்று டிக்கெட் வாங்கி வந்தவர்கள் 1,32,274 பேர். குத்துச்சண்டை வரலாற்றில் பணம் கொடுத்துப் பார்த்த மிகப் பெரிய கூட்டம்.

முதல் நிமிடத்துக்குள்ளேயே ஹாகன் கீழே விழுந்தார். அங்கேயே முடித்திருக்கலாம். சாவேஸ் முடிக்கவில்லை. ஐந்தாவது சுற்று வரை நிறுத்தி நிதானமாக அடித்தார். அதில் கோபம் இருந்தது, எனக்கு அது முழுதாகப் பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இஸ்திரிப் பெட்டி பிடித்த கைகளின் பிள்ளைக்கு, டிக்கெட் வாங்க முடியாதவர்கள் என்ற பேச்சு எங்கே போய்ச் சுட்டிருக்கும் என்பது புரிகிறது. சண்டைக்குப் பிறகு ஹாகன் நேர்மையாகவே சொன்னார்: அந்த டாக்ஸி டிரைவர்கள் ரொம்பக் கடினமான ஆட்களாக இருந்திருக்க வேண்டும்.

இனி இறக்கம். 1993 செப்டம்பர் 10 அன்று சான் ஆன்டோனியோவின் அலமோடோமில் பெர்னெல் விட்டேக்கருடன் வெல்டர்வெயிட் பட்டத்துக்கு மோதினார். முடிவு டிரா. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை: அன்று ஜெயித்தவர் விட்டேக்கர். சாவேஸின் நடைக்கு ஏற்ற மருந்து அவரிடம் இருந்தது. இடது கைக்காரர், உடம்பை வளைத்து விலகுவதில் மேதை. ஈரல் குத்து போய்ச் சேர வேண்டிய இடத்தில் அவர் இருக்கவே இல்லை. டெய்லர் சண்டையை அநியாயம் என்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இது: சாவேஸுக்காக ஒரு முடிவு வளைந்தது என்று கோபப்பட வேண்டுமானால் இந்த முடிவுக்குக் கோபப்படுங்கள். நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அதோடு 87 தொடர் வெற்றி நின்றது. 1994 ஜனவரி 29, லாஸ் வேகஸின் எம்.ஜி.எம். கிராண்ட். ஃபிராங்கி ராண்டல் என்ற, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத ஓர் அமெரிக்கர். பதினோராவது சுற்றில் சாவேஸ் வாழ்க்கையில் முதல் முறையாகக் கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே குத்தியதற்காக நடுவர் அவருக்கு இரண்டு புள்ளிகளைக் குறைத்திருந்தார். மூன்று புள்ளி நடுவர்களும் ஒத்துப்போகாத, பிளவுபட்ட தீர்ப்பில் தோல்வி. 13 வருடங்களுக்கு மேல் நீண்ட கணக்கு அந்த இரண்டு புள்ளிகளில் அறுந்தது. நடுவர் யார் தெரியுமா? அதே ரிச்சர்ட் ஸ்டீல். சாவேஸ் கடுமையாகக் குறைபட்டுக்கொண்டார். எனக்கோ ஸ்டீல் மேல் இருந்த மரியாதை கூடியது. நான்கு வருடங்களுக்கு முன் சாவேஸுக்கு அவர் எந்தச் சலுகையும் காட்டவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இருக்க முடியாது.

மே மாதமே ராண்டலிடமிருந்து பட்டத்தைத் திரும்ப வாங்கினார், தலை மோதி வெட்டுக்காயம் பட்டு இடையில் நின்றுபோன சண்டையில். 1996இல் ஆஸ்கர் டி லா ஹோயா. லாஸ் ஏஞ்சலிஸில் மெக்சிகோப் பெற்றோருக்குப் பிறந்த 23 வயது இளைஞர், உயரம், நீண்ட கை. முதல் சுற்றிலேயே சாவேஸின் இடது கண்ணுக்கு மேல் கிழிந்து ரத்தம் கொட்டியது. நான்காவது சுற்றில் நிறுத்தினார்கள். 1998இல் மறுபடி மோதியபோது எட்டாவது சுற்றோடு முடிந்தது. அந்த இரண்டாவது சண்டையில் 36 வயதுச் சாவேஸ் தன்னிடம் இருந்ததை எல்லாம் கொட்டித்தான் தோற்றார். 2000இல் கோஸ்ட்யா ட்ஸியூவுடன் மோதப் போயிருக்கவே கூடாது, அதிலும் தோல்விதான். 2005 செப்டம்பரில் ஃபீனிக்ஸில் குரோவர் வைலி என்பவருடன் மோதும்போது கையில் அடிபட்டு நான்காவது சுற்றோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அதுதான் கடைசி.

மொத்தம் 115 சண்டை. 107 வெற்றி, 6 தோல்வி, 2 டிரா. வெற்றிகளில் 80க்கும் மேற்பட்டவை நாக் அவுட். உலகப் பட்டத்துக்கான சண்டைகள் மட்டும் 37. இன்றைய சாம்பியன்கள் வருடத்துக்கு ஒன்று, இரண்டு சண்டை போடுகிறார்கள். சாவேஸ் பட்டம் கையில் இருந்தபோதும், இரண்டு பட்டப் போட்டிகளுக்கு நடுவில் பட்டம் இல்லாத சண்டைகளுக்கும் போய்க்கொண்டே இருந்தார். அந்தக் கூட்டத்தில் ஆரம்ப காலத்து உள்ளூர் எதிராளிகள் பலர் சாதாரணமானவர்கள் என்பது உண்மை. அதனால்தான் 107ஐ விடவும் ரொசாரியோ, மேவெதர், லாக்ரிட்ஜ், ராமிரெஸ், டெய்லர், கமாச்சோ என்ற பெயர்களைப் பார்க்கச் சொல்கிறேன்.

இறக்கத்துக்கு வயது மட்டும் காரணமில்லை. புகழின் உச்சியிலேயே குடியும் கொக்கெயினும் அவரைப் பிடித்துவிட்டன. இதை நான் கிசுகிசுவாகச் சொல்லவில்லை, அவரே எத்தனையோ மேடைகளில் வெளிப்படையாகச் சொன்னது. ஓய்வுக்குப் பிறகும் பல வருடங்கள் அதில் கிடந்தார். குடும்பத்தார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். மீண்டு வந்தார். அதன் பிறகு அவரே போதை மீட்பு மையங்களைத் தொடங்கி, அங்கே வருபவர்களிடம் தன் கதையைச் சொல்கிறார். தொலைக்காட்சியில் குத்துச்சண்டை வர்ணனையும் செய்கிறார். 2011இல் அமெரிக்காவின் கனஸ்டோட்டாவில் உள்ள சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழரங்கில் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டு சேர்க்கப்பட்டவர்களில் மைக் டைசனும், சாவேஸை வீழ்த்திய கோஸ்ட்யா ட்ஸியூவும் உண்டு.

மூத்த மகன் ஹூலியோ சேசர் சாவேஸ் ஜூனியர் 2011இல் மிடில்வெயிட் பட்டம் வென்றார். 2012 செப்டம்பரில் செர்ஹியோ மார்ட்டினெஸிடம் பதினொரு சுற்று அடி வாங்கி, எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது, பன்னிரண்டாவது சுற்றில் மார்ட்டினெஸைக் கீழே தள்ளினார். மார்ட்டினெஸ் எழுந்தார், மணி அடித்தது, மகன் புள்ளிகளில் தோற்றார். அன்று அந்தச் சுற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 1990ஐ நினைக்காதவர்கள் இருந்திருக்க முடியாது. அந்த எதிராளியின் கால்கள் டெய்லரின் கால்கள் இல்லை. தகப்பன் பதினொரு சுற்று செய்த வேலையை மகன் ஒரே சுற்றில் செய்யப் பார்த்தார்.

நீங்கள் டெய்லர் சண்டையின் கடைசி நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. நேரம் கிடைக்கும்போது முழுதாகப் போட்டுப் பாருங்கள். வர்ணனையின் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். ஐந்தாவது சுற்றிலிருந்து டெய்லரின் கைகளைப் பார்க்காதீர்கள், அவை கடைசி வரை அழகாகத்தான் இருக்கும். சாவேஸின் இடது கை எங்கே போகிறது என்பதையும், ஒவ்வொரு முறை அது போய்வந்த பிறகு டெய்லரின் பாதங்கள் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்பதையும் மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.